பழத்தோடு பொங்கும் பான்கேக்குக்காக வாங்கிய இரும்புச் சட்டி: ஐந்து மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒரே ஒரு பண்டத்துக்காகத் தனியாகப் பாத்திரம் வாங்குவது வீண் செலவு என்று வாதாடும் கட்சியைச் சேர்ந்தவள் நான். அப்படியிருந்தும், ஸ்கில்லெட் என்ற பெயரில் விற்கப்படும், பிடியும் சட்டியும் ஒரே வார்ப்பாக அமைந்த 25 சென்டிமீட்டர் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை ஐந்து மாதங்களுக்கு முன் வாங்கினேன். ஓவனுக்குள் வைத்த சில நிமிடங்களில் விளிம்பைத் தாண்டிப் பொங்கி எழும் பான்கேக்கை விடுமுறை நாளின் காலை உணவாகச் செய்ய வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அதுவரை அலுமினியக் கேக் தட்டில்தான் சுட்டுக்கொண்டிருந்தேன்; அதிலும் பொங்கியது, ஆனால் ஏதோ கடமைக்குப் பொங்கியதுபோல் இருந்தது. சட்டியோடு வந்த சிறு கையேடு, இதில் மாவு வேறெந்தப் பாத்திரத்திலும் இல்லாத உயரத்துக்கு எழும் என்றும், விரும்பிய பழத்தை அதிலேயே போட்டு மாவை ஊற்றிச் சுடலாம் என்றும் சொன்னது. முதல் வாக்கைச் சட்டி ஏறக்குறையக் காப்பாற்றியது. இரண்டாவதை நம்பிய நான், சட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு, எண்ணெய் காய்ந்து படிந்த மேற்படலத்தைப் பறிகொடுத்தேன்.

செய்முறையில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. மூன்று முட்டை, 120 மில்லிலிட்டர் பால், 65 கிராம் மைதா, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள், சட்டியில் உருக்குவதற்கு 40 கிராம் வெண்ணெய், 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 முதல் 18 நிமிடம், இவ்வளவுதான். பேக்கிங் பவுடர், சோடா, ஈஸ்ட் எதுவும் கிடையாது. மாவில் உள்ள நீர் ஆவியாகி உள்ளிருந்து தூக்குவதாலேயே இது எழுகிறது. அவ்வகையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் புட்டிங்குக்கும் அமெரிக்காவின் பாப்ஓவருக்கும் நெருங்கிய உறவு. இதற்கு வழங்கும் டச்சு பேபி என்ற பெயருக்கும் நெதர்லாந்துக்கும் தொடர்பில்லை. சியாட்டில் நகரத்தில் மான்கா குடும்பத்தார் நடத்திய உணவகத்தில், ஜெர்மன் என்று பொருள்படும் ‘டாய்ச்’ என்ற சொல் அந்த வீட்டுக் குழந்தையின் வாயில் ‘டச்சு’ ஆகிவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1942இல் அந்த உணவகம் பெயருக்கு வணிக உரிமையும் கோரியிருக்கிறது. 1966இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டு வீடுவீடாகப் பரவிய செய்முறையும் ஏறக்குறைய இதே பண்டம்தான். அந்தச் செய்முறையில் எலுமிச்சைச் சாறு ஓவனிலிருந்து எடுத்த பிறகே தெளிக்கப்படுகிறது என்பதை நான் முன்பு கவனித்ததில்லை. அதன் அருமை இந்தச் சட்டியைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

சட்டியை முதலில் பார்ப்போம். சமையலறைத் தராசில் 2.3 கிலோ காட்டியது. மேல்வாய் 25 சென்டிமீட்டர், அடித்தளம் 20, ஆழம் 5. சுவர் செங்குத்தாக நிற்காமல் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வு பான்கேக்குக்கு நல்லது, ஏனெனில் மாவின் ஓரம் வழுக்கி ஏறுவதற்கு அது பாதை போட்டுக் கொடுக்கிறது. இரு பக்கமும் எண்ணெய் வடிப்பதற்கான மூக்குகள் உள்ளன; அவை இருக்கும் இடத்தில் விளிம்பு தாழ்ந்திருப்பதால், பொங்கும் மாவு அந்த இரண்டு இடத்திலும் நாக்கை நீட்டியதுபோல் வெளியே சரிந்து, மற்ற இடங்களைவிட முன்னதாகக் கருகுகிறது. ஐந்து மாதமாக ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு கருகல் துண்டுகள் என் பங்குக்கே வந்து சேர்கின்றன. உட்புறம் மணல் அச்சின் சொரசொரப்பு மாறாமல், விரலால் தடவினால் நுண்ணிய உப்புத்தாளைப் போல் இருந்தது. தொழிற்சாலையிலேயே எண்ணெயிட்டுப் பழக்கியது என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். பழக்கியிருந்தார்கள்தான், ஒரு பூச்சு அளவுக்கு.

முதல் நாள் சுட்டது அடியோடு ஒட்டிக்கொண்டது. மரக்கரண்டியால் சுரண்டி எடுத்ததை முட்டைப் பொரியல் என்று சொல்லிப் பரிமாறியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். பிழை சட்டியுடையது மட்டுமன்று, என்னுடையதும்கூட. ஓவனின் விளக்கு அணைந்ததும் சூடு ஏறிவிட்டதாக எண்ணி மாவை ஊற்றினேன். அடுத்த வாரம் சூட்டுமானியை வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: விளக்கு 11ஆவது நிமிடத்தில் அணைந்தது, அப்போது சட்டியின் அடி 150 டிகிரியைத்தான் எட்டியிருந்தது. உள்ளே இருக்கும் காற்று சூடேறுவது வேறு, இரண்டே கால் கிலோ இரும்பு சூடேறுவது வேறு. அடித்தளம் 210 டிகிரியைத் தொட 25 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. எனவே இதைப் பதினைந்து நிமிடக் காலை உணவு என்று கையேடு சொல்வதை, ஓவன் முன்பே சூடாக இருக்கும் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எழுந்து, ஓவனைப் போட்டு, தட்டில் பரிமாறும்வரை எனக்கு 50 நிமிடம் ஆகிறது. அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் இந்தச் சட்டியை எடுக்காதீர்கள்.

சூடு சரியாக ஏறிய சட்டியில் நடப்பதோ கண்கொள்ளாக் காட்சி. வெண்ணெயைப் போட்டவுடன் அது சத்தமிட்டு நுரைக்கிறது; வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் என்பதால், அந்த நீர் வெளியேறும்வரை நுரை அடங்காது. நுரை தணிந்து, அடியில் பொன்னிறத் துகள்கள் தோன்றி, வறுத்த கொட்டையின் மணம் எழும் அந்த அரை நிமிடமே மாவை ஊற்றும் வேளை. அதற்கு மேல் ஒரு நிமிடம் தாமதித்தால் துகள்கள் கறுத்து, முழுப் பான்கேக்கிலும் கசப்பு ஏறிவிடும். மாவை நடுவில் ஊற்றினால் அது வெண்ணெயை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு விரிகிறது. ஊற்றும்போதே ஓரம் சுர்ரென்று சுருங்கி வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் சட்டி போதிய சூட்டில் இல்லை என்று அர்த்தம், அன்றைக்கு உயரத்தை எதிர்பார்க்க வேண்டாம். கதவை மூடிய பின் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆறாவது நிமிடத்தில் ஓரம் மட்டும் சற்றே தடித்து, சட்டியின் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கும். எட்டாவது நிமிடத்தில் ஒரு பக்கம் மற்றொன்றைவிட உயர்ந்து, கோணலாக, யாரோ உள்ளிருந்து தோளால் முட்டுவதுபோல் மேடு கிளம்பும். பன்னிரண்டாவது நிமிடத்தில் நடுப்பகுதியும் குமிழ் குமிழாக எழுந்து, வெண்ணெய் அதன் மடிப்புகளில் தேங்கிக் கொதிக்கும். கண்ணாடிக் கதவின் முன் முழங்கால் மடித்து உட்கார்ந்து இதைப் பார்ப்பதற்காகவே இந்தச் சமையலைச் செய்கிறேன் என்று என் வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு, மறுக்கப் போவதில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆவி குளிர்ந்து, இன்னும் இறுகாத சுவர் அமுங்கிவிடும், பிறகு எத்தனை நேரம் வைத்தாலும் எழாது.

இதே மாவு அலுமினியத் தட்டில் ஏன் அரைமனதாக எழுந்தது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கிக்கொண்டேன். ஒரு கிலோ இரும்பைவிட ஒரு கிலோ அலுமினியமே அதிகச் சூட்டைத் தாங்கி வைத்துக்கொள்ளும். சூட்டைக் கடத்துவதிலும் அலுமினியம் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் என் கேக் தட்டின் எடை கால் கிலோ, சட்டியின் எடையோ அதைப் போல் ஒன்பது மடங்கு. இரண்டும் 215 டிகிரியில் இருக்கும்போது அறைச் சூட்டில் உள்ள 350 கிராம் மாவை ஊற்றுவதாகக் கொண்டு, ஓவன் தொடர்ந்து தரும் சூட்டையும் ஆவியாகும் நீரையும் சேர்க்காமல் கணக்கிட்டால், இரும்புச் சட்டியும் மாவும் 110 டிகிரியை ஒட்டிய சூட்டில் சமநிலைக்கு வரும். அலுமினியத் தட்டோ 50 டிகிரியைச் சுற்றிப் போய் நிற்கும். அதாவது இரும்பு தன்னிடம் சேமித்ததைக் கொண்டே மாவை நீர் ஆவியாகும் எல்லைக்குத் தள்ளிவிடுகிறது. தட்டு ஓவனிடம் கையேந்திக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில், பால் முட்டைக் கலவை மெல்லச் சூடேறி, ஆவி பிறக்கும் முன்பே முட்டைப் புரதம் இறுகத் தொடங்கிவிடுகிறது. முட்டையின் வெள்ளை 62 டிகிரிக்கு மேல் இறுக ஆரம்பித்து, 80 டிகிரியைத் தாண்டினால் கெட்டியாகிவிடும். முதலில் ஆவி தூக்க, பிறகு புரதம் இறுகினால் உயரம் கிடைக்கும்; முதலில் இறுகிவிட்டால் தடித்த முட்டை அடைதான் மிஞ்சும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதையும், இந்த மாவில் 200 கிராமுக்கு மேல் நீர் இருக்கிறது என்பதையும் நினைத்தால், தூக்குவதற்கான சக்திக்குப் பஞ்சமே இல்லை. அது எந்த வேளையில் பிறக்கிறது என்பதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அளந்து பார்த்ததில் பழம் சேர்க்காத பான்கேக் இந்தச் சட்டியில் விளிம்புக்கு மேல் ஆறு சென்டிமீட்டர் எழுந்தது, தட்டில் நான்கு. இரண்டு சென்டிமீட்டருக்காக இரண்டே கால் கிலோவைத் தூக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் ஓரத்தின் மொறுமொறுப்பு தட்டில் ஒருநாளும் வந்ததில்லை.

மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டி தட்டாமல் மிக்ஸியில் அடித்து, கால் மணி நேரம் அப்படியே வைத்தால் போதும். முட்டையையும் பாலையும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால், இரும்பு சேமித்த சூட்டில் ஒரு பகுதி அவற்றின் குளிரைப் போக்குவதிலேயே செலவாகிவிடும். ஓவனைப் போடும்போதே அவற்றை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி பழம். ஸ்ட்ராபெர்ரி நன்றாகக் கிடைத்த ஒரு வாரம், கையேடு காட்டிய படத்தைப் போலவே, கால் கிலோ பழத்தைச் சீவி, உருகிய வெண்ணெயின் மேல் பரப்பி, அதன் மேல் மாவை ஊற்றினேன். பழத்தின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர். சூடு பட்டதும் அந்த நீர் சாறாக வடிந்து, அடித்தளம் முழுவதும் தேங்கி, சட்டியின் சூட்டையெல்லாம் குடித்துவிட்டது. ஓரம் கறுக்கத் தொடங்கிய 20ஆவது நிமிடத்திலும் நடுப்பகுதி கஞ்சியைப் போல் அசைந்தது. 27ஆவது நிமிடத்தில் எடுத்தபோது ஓரம் கரி, நடு கூழ். பழத்துண்டுகள் சிவப்பை இழந்து, ஊதாவும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்துக்கு மாறியிருந்தன. பழத்தின் நிறமி இரும்போடு சேரும்போது இப்படித்தான் நீலம் பாரிக்கும். வாயில் வைத்தால் இரும்பாணியை நக்கியதுபோல் ஒரு சுவை. இதற்கெல்லாம் மேலாக, ஒட்டியதை எடுத்தபோது கறுத்த படலமும் செதில் செதிலாகக் கூடவே வந்து, அடியில் சாம்பல் நிற இரும்பு பல்லைக் காட்டியது. கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் செம்மண் தூவியதுபோல் துரு.

இதற்குக் காரணம் புளிப்பு. பழக்குதல் என்பது வேறொன்றுமில்லை, மெல்லப் பூசிய எண்ணெய் அதிக சூட்டில் காய்ந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்பின் மேல் கெட்டியான படலமாகப் படிவதுதான். படலம் பல அடுக்காகத் தடித்திருந்தால் சிறிது புளிப்பைத் தாங்கும். ஒரே பூச்சோடு வந்த புதுச் சட்டியில், அமில அளவு 3.5 பிஎச் அருகே இருக்கும் ஸ்ட்ராபெர்ரிச் சாறு அரை மணி நேரம் கொதித்தால் அது தாங்காது. இதைப் பற்றி விற்றவர்களுக்கு எழுதியபோது, புளிப்பான பொருள்களைத் தவிர்க்கும்படியும், சட்டியை வீட்டிலேயே மறுபடி பழக்கிக்கொள்ளும்படியும் பணிவாகப் பதில் வந்தது. அறிவுரையில் பிழையில்லை. அதே அறிவுரையைக் கையேட்டின் பழப் படத்துக்குக் கீழே ஒரு வரியாக அச்சிட்டிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நல்ல காலை உணவு கிடைத்திருக்கும். சட்டியை எஃகுக் கம்பிச் சுருளால் தேய்த்து, உலர்த்தி, எண்ணெயைத் தடவிவிட்டுத் தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்து, 230 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் மூன்று முறை வைத்தெடுத்தேன். எண்ணெயைத் தாராளமாக விட்டால் படலம் பிசுபிசுவென்று திட்டுத் திட்டாக நிற்கும். என் முதல் முயற்சி அப்படித்தான் ஆயிற்று, ஆகவே மூன்று என்று எழுதியிருப்பதை உண்மையில் நான்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.

அதன் பின் பழங்களை அவற்றின் குணமறிந்து நடத்தக் கற்றுக்கொண்டேன். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, பீச் போன்ற சாறுள்ளவை எக்காரணம் கொண்டும் சட்டிக்குள் போவதில்லை. ஓவனில் சட்டி சூடேறத் தொடங்கும்போதே அவற்றை நறுக்கி, ஒரு கரண்டி சர்க்கரையும் சில துளி எலுமிச்சையும் சேர்த்துக் கிண்ணத்தில் மூடி வைத்துவிடுகிறேன். சட்டி எடுத்துக்கொள்ளும் அந்த 25 நிமிடத்தில் பழம் தன் சாற்றைத் தானே விட்டுப் பாகில் ஊறி நிற்கும். சட்டியின் சோம்பலால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இது. பொங்கிய பான்கேக் வெளியே வந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் நடுவில் அமுங்கி, ஓரம் மட்டும் நின்று, தானாகவே ஒரு கிண்ணமாக மாறுவதால், ஊறிய பழத்தைக் கொட்டுவதற்கு இதைவிடத் தோதான பாத்திரம் வேண்டியதில்லை. சூடான, கஸ்டர்டைப் போல் மெத்தென்ற நடுப்பகுதியின் மேல் குளிர்ந்த பழமும் சாறும் இறங்க, மொறுமொறுப்பான ஓரத்தை ஒடித்து அதில் தோய்த்து உண்ணும்போது, பழத்தைச் சேர்த்துச் சுட்டிருந்தால் எதை இழந்திருப்போம் என்பது நன்றாக விளங்குகிறது.

அவுரிநெல்லி என்று நூல்கள் எழுதினாலும் எல்லோரும் புளூபெர்ரி என்றே அழைக்கும் பழம் இடைப்பட்ட ரகம். முழுப் பழமாக, ஈரம் துடைத்து, ஒரு கைப்பிடிக்கு மிகாமல், மாவை ஊற்றிய பிறகு நடுவில் மட்டும் தூவினால், தோல் வெடிப்பதற்குள் மாவு அதைச் சூழ்ந்து இறுகிவிடுகிறது. இரும்பைத் தொடும் சாறு மிகக் குறைவு. ஓரத்தில் விழுந்த பழங்கள் மாவு ஏறுவதைத் தடுத்து, அந்த இடத்தில் பல் விழுந்ததுபோல் பள்ளம் விடும் என்பதால், நடுவில் மட்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். உறைந்த பழத்தை அப்படியே போட்டு ஒருமுறை கெடுத்தேன். பனிக்கட்டியைச் சட்டிக்குள் போடுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஆப்பிள் மட்டும் முற்றிலும் வேறு. இந்தப் பண்டத்தின் ஜெர்மானிய உறவினரான ஆப்பிள் பான்கேக்கில் பழம் உள்ளேயே வேகிறது. அதற்கு அது தகுதியானதும்கூட, ஏனெனில் சதையில் உறுதி இருக்கிறது, வெண்ணெயில் வதக்கும்போதே நீர் பெரும்பாலும் போய்விடுகிறது. பெரிய ஆப்பிள் ஒன்றை அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவி, அடுப்பின் மேல் இதே சட்டியில் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்த்து, துண்டின் ஓரங்கள் கண்ணாடிபோல் ஆகும்வரை ஆறேழு நிமிடம் வதக்கி, சட்டியோடு ஓவனில் பத்து நிமிடம் வைத்துச் சூட்டை மீட்டுக்கொண்டு, பிறகு மாவை ஊற்றுகிறேன். பொங்கும் உயரம் பாதியாகக் குறைகிறது. விளிம்புக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் எழுந்தாலே பெரிது. ஆனால் அடியில் வெண்ணெயும் சர்க்கரையும் ஆப்பிளும் சேர்ந்து பாகாக இறுகி, கவிழ்த்தால் பளபளவென்று கழன்று வருகிறது. அடுப்பின் மேல் தொடங்கி ஓவனில் முடிக்கும் இந்த வேலையைக் கேக் தட்டோ கண்ணாடிப் பாத்திரமோ செய்ய முடியாது. சட்டி தன் விலைக்கு நியாயம் செய்வது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறேன். ஆப்பிளிலும் புளிப்பு உண்டுதான், ஆயினும் வெண்ணெய் பூசிய துண்டுகள், குறைந்த சாறு, இப்போது தடித்துவிட்ட படலம் எல்லாம் சேர்ந்து, எட்டு ஆப்பிள் பான்கேக்குகளுக்குப் பிறகும் அடித்தளம் கறுப்பாகவே இருக்கிறது. வாழைப்பழத்தையும் இவ்வாறே செய்யலாம், புளிப்பு மிகக் குறைவு. சர்க்கரை விரைவில் கருகும் என்பதால் ஒரு கண் அதன் மேலேயே இருக்க வேண்டும். அன்னாசியை முயன்று பார்க்கும் எண்ணம் எனக்கில்லை.

பிடியைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. பிடியும் சட்டியும் ஒரே இரும்பு என்பதால், சட்டி 220 டிகிரி என்றால் பிடியும் 220 டிகிரி. ஓவனிலிருந்து எடுக்கும்போது எல்லோரும் கையுறை அணிகிறோம். ஆபத்து அதற்குப் பிறகுதான். மேசையில் வைத்து, பழத்தைக் கொட்டி, பொடித்த சர்க்கரையைத் தூவி, ஆளுக்கொரு துண்டு வெட்டும்போது சட்டியைச் சற்றுத் திருப்பிக்கொள்ளலாம் என்று கை தானாகப் பிடிக்குப் போகும். எனக்குப் போனது. எடுத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தும் உள்ளங்கையில் மூன்று கொப்புளங்கள். அன்றிலிருந்து சட்டி மேசைக்கு வந்தவுடன் பிடியில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். சூடு தடுப்பதற்காக என்பதைவிட, பார்ப்பவருக்கு நினைவூட்டுவதற்காக. பிடிக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது கையைக் கொடுத்துத் தூக்குவதற்குச் சிறு காது ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை, ஆனால் கையுறை அணிந்த விரல் அதற்குள் நுழையாத அளவுக்குச் சிறியது. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் கடையில் ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்காமல் இதை வாங்க வேண்டாம்.

கழுவுவது நினைத்ததைவிட எளிது. ஆறிய பின் வெந்நீரும் மென்மையான தேய்ப்பானும் போதும். சிறிதளவு சோப்பு படலத்தைக் கரைக்காது, ஊறவைப்பதுதான் கெடுக்கும். கழுவியதும் அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கி, ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வைத்தால் வேலை முடிந்தது. வீட்டில் பிறர் பாத்திரம் கழுவும் நாளில் இந்த மூன்று வரியை அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவது என் அனுபவத்தில் இன்றியமையாதது.

பழத்தையும் சேர்த்தே சுட வேண்டும், காத்திருக்க முடியாது என்பவர்கள் எனாமல் பூசிய வார்ப்பிரும்பை நாடலாம். எடையும் சூட்டுச் சேமிப்பும் இதேபோல், புளிப்பு அதைத் தொடாது. எடைதான் தடை என்றால் கார்பன் எஃகுச் சட்டி பாதி கனத்தில் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும், ஆனால் அதையும் பழக்கத்தான் வேண்டும், புளிப்புக்கு அதுவும் பகையே. கண்ணாடிப் பாத்திரத்தை வெறுமையாகச் சூடேற்றி அதில் குளிர்ந்த மாவை ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். திடீர்ச் சூட்டு மாற்றத்தில் அது வெடித்துச் சிதறக்கூடும். நான்ஸ்டிக் சட்டி என்றால் அதன் பிடி ஓவன் சூட்டைத் தாங்குமா என்று பார்த்த பிறகே உள்ளே வையுங்கள்.

நல்ல கேக் தட்டு ஏற்கெனவே இருந்து, எப்போதாவது ஒருநாள் பெர்ரிப் பழங்களை மேலே கொட்டி உண்பதே உங்கள் வழக்கம் என்றால், இந்தச் சட்டி இல்லாமலே காலம் தள்ளலாம். தட்டைக் கனமான பேக்கிங் தகட்டின் மேல் வைத்துச் சூடேற்றினால் உயரத்தில் பாதிக் குறை தீர்ந்துவிடும். வாரந்தோறும் செய்வேன், ஆப்பிளையும் வதக்குவேன், முதல் மாதம் படலத்தை வளர்ப்பதில் பொறுமை காட்டுவேன் என்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். மீதி ஒன்றரையில் ஒன்று கையேட்டின் அந்தப் படத்துக்காகவும், அரை அந்த இரண்டு வடிமூக்குகளுக்காகவும் பிடித்துக்கொண்டது.